ஆட்சேபணை இல்லை

உக்காருங்கம்மா. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா நான் என்னமோ உங்களை விரட்டற மாதிரி இருக்கு. கையெழுத்துதானே? போடறேன். போட மாட்டேன்னு யாரு சொன்னா? கோர்ட்டு கூடறதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.

துரைக்கண்ணு இருந்தா ஒரு காபி வாங்கிட்டு வரச் சொல்லுவேன். குமாஸ்தான்னு பேருதான், எந்த நேரத்துல எங்க இருப்பான்னு எனக்கே தெரியறதில்ல. இன்னிக்கின்னு பார்த்து ஆளைக் காணோம். ஒருத்தனோட வாழைத்தார் வண்டியைப் போலீஸ் பிடிச்சு வெச்சிருக்கு, வண்டியைத் திருப்பிக் கேட்டு பெட்டிஷன் போடணும். அவன் பொண்டாட்டி காலைலேர்ந்து ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டா. டைப் அடிக்கிற பய என்ன பண்ணியிருக்கான் பாருங்க. எல்லாத்தையும் அடிச்சுட்டு, எந்தப் பிரிவுல போடறோம்னு நம்பர் வர்ற இடத்தை மட்டும் காலியா விட்டிருக்கான். கேட்டா, "நீங்க சொல்லலியே சார்"ங்கறான். எல்லாத்தையும் நானேதான் சொல்லணும் இந்த ஆபீஸ்ல. துரைக்கண்ணு வந்தான்னா யாரையாவது கேட்டு... சரி, அதை விடுங்க, அது என் தலைவலி.

உங்க விஷயத்துக்கு வருவோம். வக்காலத்தை மாத்தணும். இத்தனை வருஷமா நான் நடத்திக்கிட்டு வர்ற பாதைக் கேஸைத் தூக்கி அந்தப் பொண்ணு கையில குடுக்கணும். அதுக்கு அவ புது வக்காலத்து மேல நான் "ஆட்சேபணை இல்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதானே? பழைய வக்கீல் ஒப்புக்காம புது வக்கீல் உள்ள நுழையக் கூடாது. அது எங்க தொழில்ல ஒரு மரியாதை. அந்த மரியாதையாவது மிச்சம் இருக்கே.

அவ அனுப்பினாளா உங்களை? இல்ல, சும்மா கேக்கறேன். நீங்களாத்தான் வந்தீங்க. சரி, நம்பறேன். உங்களுக்கு முன்னாடி வந்தவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. எல்லாரும் அவங்களாவே வர்றாங்க, எல்லாரும் நேரா அவ ஆபீஸ் மாடிக்கே போறாங்க. நல்ல அதிசயம்!

ரெங்கநாயகி அம்மா, நான் பீஸுக்காக இழுக்கறேன்னு நினைச்சுடாதீங்க. நீங்க எனக்கு ஒரு பைசா பாக்கி இல்ல. ஆனா யாருகிட்ட போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. அந்தப் பொண்ணு என்ன காரியம் பண்ணினவன்னு முழுசாக் கேளுங்க. கேட்டதுக்கு அப்புறமும் அவதான் வேணும்னா, இதோ பேனா, போட்டுத் தந்துடறேன்.

மங்கையர்க்கரசின்னு முழுப்பேரு. நான்தான் மங்கைன்னு சுருக்கினேன். தொட்டியத்துக்காரி. அவங்க அப்பா வாழை மண்டியில தராசு பார்க்கிறவரு. அவரே கூட்டிட்டு வந்து, இதோ நீங்க உக்காந்திருக்கிற இடத்துல நின்னுக்கிட்டு, "உங்க நிழல்ல இருக்கட்டும் சார்"னாரு. சரின்னேன். என்கிட்ட ஜூனியரா சேர்றதுன்னா முசிறியில சாதாரண விஷயமா? வாசப்பக்கம் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்துல ஒரு மேஜை போட்டுக் குடுத்தேன். சூடா இருக்கும் அந்த இடம். இருந்தா என்ன? நான் ஜூனியரா இருந்தப்ப எனக்கு மேஜையே கிடையாது.

வேலை கத்துக் குடுத்தது யாரு? நான். கோர்ட்டுல எப்படி நிக்கணும், எப்ப குனியணும், யாரு கேஸ் கட்டைத் தூக்கிட்டு யாரு பின்னால நடக்கணும், எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். பிராது எழுதறது, பெட்டிஷன் எழுதறது, எதிர் மனு எழுதறது எல்லாம் அவளே பண்ணிடுவா, அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. உக்காந்து எழுதறதுதானே? நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல எல்லாம் பென்சில்ல சின்னதா ஒரு பெருக்கல் குறி போட்டு வெச்சிருப்பா. நான் வந்ததும் தள்ளித் தள்ளிப் போட்டுக்கிட்டே போவேன். படிச்சுப் பார்க்கக் கூட வேண்டியதில்ல. அவ்வளவு பழக்கி வெச்சிருந்தேன் அவளை.

இப்படி ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்தப்பதான் இந்தப் பரீட்சை வந்துச்சு.

உங்களுக்குத் தெரியாது. எங்க காலத்துல பட்டம் வாங்கினோமா, மெட்ராஸ் போய்ப் பார் கவுன்சில்ல பதிஞ்சோமா, கறுப்புக் கோட்டு மாட்டினோமா, முடிஞ்சுது. இப்ப அப்படி இல்லியாம். பதிஞ்சு ரெண்டு வருஷத்துக்குள்ள ஒரு பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணணும். இல்லாட்டி கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட வேண்டியதுதான். கோர்ட்டுல நின்னு பேச முடியாது. அதுக்கு முன்னாடி ஒரு தடவை பரீட்சை வந்துச்சு, அவ எழுதலை. அப்ளிகேஷன் போடற கடைசி நாள் அன்னிக்கு நான் அவளைத் துறையூர் கோர்ட்டுக்கு அனுப்பிட்டேன். தெரிஞ்சா அனுப்பினேன்? "சார், இன்னிக்குக் கடைசி நாள்"னு சொன்னா. சொன்னாதான். வாய்தா வாங்கற வேலையை யாரு பார்க்கறது, நானா பஸ் ஏறிப் போவேன்? அதனால இந்தத் தடவை விட்டா அவளுக்கு வேற தடவை கிடையாதுங்கற நிலைமை. அது என் தப்பா? அவ நாள் பார்த்துப் போட்டிருக்கணும்.

ஒரு நாள் சாயங்காலம் வந்து நிக்கறா. "சார், பரீட்சைக்குப் படிக்க ஆரம்பிக்கணும். தினம் ஒரு மணி நேரம் முன்னாடி போகலாமா சார்?" எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன் தெரியுமா? அது புத்தகம் பார்த்து எழுதற பரீட்சைம்மா! சட்டப் புத்தகத்தைக் கையோட உள்ள எடுத்துட்டுப் போகலாம். பார்த்து எழுதறதுக்கு என்ன படிப்பு? ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை கூட எழுதுமே! நான் அதைக் கேட்டுட்டுச் சும்மா இருக்கலை. மறுநாள் பார் அசோசியேஷன் ரூம்ல எல்லாரு முன்னாடியும் சொன்னேன்: "எங்க மங்கை பார்த்து எழுதறதுக்கு டியூஷன் போறாளாம்." ஒரே சிரிப்பு. அவளும் அங்கதான் நின்னா. ஒரு புன்னகை கூட இல்ல. வேடிக்கையை வேடிக்கையா எடுத்துக்கத் தெரியாத பொண்ணு.

படிக்க ஆரம்பிச்சா. எப்படி ஆரம்பிச்சான்னு கேளுங்க, அதுவே ஒரு கூத்து. ஒருத்தர் சட்டம் படிக்கணும்னா முதல் பிரிவுலேர்ந்து படிப்பாங்க இல்ல? இவ என்ன பண்ணினா, பழைய கேள்வித்தாளை எல்லாம் எங்கிருந்தோ எடுத்துட்டு வந்து, எதுல எத்தனை கேள்வி வருதுன்னு எண்ணினா. அப்புறம் வெறும் சட்டப் புத்தகமா வாங்கினா. விளக்கம், குறிப்பு, தீர்ப்பு எதுவும் இல்லாம, சட்டம் மட்டும் இருக்கும் பாருங்க, அந்த ஒல்லிப் புத்தகம். அதுக்கெல்லாம் பழுப்பு அட்டை போட்டா. போட்டுட்டு உள்ளயாவது படிச்சாளா? இல்ல! பொருளடக்கத்தைப் படிக்கிறா! எந்தப் பிரிவு எங்க இருக்குன்னு முன்னாடி பட்டியல் போட்டிருப்பான் பாருங்க, அதை. உதட்டை அசைச்சு அசைச்சுப் படிக்கிறா.

"என்னடிம்மா, சாப்பாட்டை விட்டுட்டு இலையைத் திங்கறே"ன்னு கேட்டேன்.

"புத்தகம் கையில இருக்கும் சார். ஆனா தேடறதுக்கு நேரம் இருக்காது. எது எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்"னா.

அந்தத் துரைக்கண்ணு வேற அவளோட சேர்ந்துக்கிட்டான். அவன் ஏதாவது ஒண்ணு சொல்வான், "ஜப்தி"ம்பான், "சாட்சியைத் திரும்பக் கூப்பிடறது"ம்பான். இவ கண்ணை மூடிக்கிட்டு எந்தப் பிரிவு, எந்தப் பக்கம்னு சொல்வா. அவன் புரட்டிப் பார்த்துட்டு, கிளி சீட்டு எடுத்த மாதிரி மண்டையை ஆட்டுவான். ஆபீஸா இது, திருவிழாக் கடையா? எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா நான் ஒரு வார்த்தை சொல்லலை. ஜெராக்ஸ் எடுக்க வர்றவங்க உக்கார எடமில்லைன்னு அவ மேஜையை மட்டும் எடுத்து உள்ள போட்டுட்டேன். நாற்காலி இருந்துச்சே, மடியில வெச்சுப் படிக்கலாமே.

நான் தொந்தரவு பண்ணினேன்னு வெளியில பேச்சு இருக்காம். என் காதுக்கும் வந்துச்சு. என்ன தொந்தரவு? காலைல அஞ்சு மணிக்குப் போன் பண்ணினேன்கறாங்க. பண்ணினேன். எதுக்குப் பண்ணினேன்? அவ அஞ்சு மணிக்கு எழுந்து படிக்கிறான்னு எனக்குத் தெரியும். அதனால பண்ணினேன். தூங்கற பொண்ணை யாராவது எழுப்புவாங்களா? முழிச்சிருக்கிறவகிட்ட அன்னிக்கு என்ன கேஸ், எந்தக் கட்டு எங்க இருக்குன்னு கேட்டுக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே. சில நாள் பேச்சு கொஞ்சம் நீளும். எனக்கு அந்த நேரத்துலதான் யோசனை ஓடும்.

சரஸ்வதி பூஜைக்கு அவ புத்தகத்தை எல்லாம் வாங்கி வெச்சுப் பூட்டிட்டேன்கறாங்க. ஆமா, ஆபீஸ் புத்தகம் எல்லாம் பூஜையில இருக்கறப்ப அவ புத்தகம் மட்டும் வெளியில இருக்கலாமா? அவ நல்லதுக்குத்தான் நான் கேட்டு வாங்கி, அடுக்கி, பொட்டு வெச்சேன். அட்டை மேலதான் வெச்சேன், உள்ள இல்ல. விஜயதசமிக்கு எடுத்துக் குடுத்திருப்பேன். அன்னிக்கு என் மச்சான் வீட்டுக்குக் கோயமுத்தூர் போக வேண்டியதாப் போச்சு. அலமாரிச் சாவி என் பையிலயே வந்துடுச்சு. போன எடத்துல ஒரு வாரம் ஆயிடுச்சு. தினம் போன் பண்ணினா, "சார், சாவியை யாருகிட்டயாவது குடுத்து விடறீங்களா"ன்னு. சாமி முன்னால இருக்கற புத்தகத்துக்கு என்னம்மா அவசரம்?

இதெல்லாம் விடுங்க. இதெல்லாம் சின்ன விஷயம். அவளோட குணம் தெரிஞ்ச நாள் எதுன்னு உங்களுக்கே தெரியும். நீங்களும் இங்கதான் இருந்தீங்க. இதே பெஞ்சுல, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு. உங்க பையன் கோகுலைப் பாதைத் தகராறுல பிடிச்சுட்டுப் போன அன்னிக்கு.

ஞாபகம் இருக்கா? உங்களுக்குத் தைரியம் சொல்றதுக்காக நான் சட்டத்தை எடுத்துக் காட்டலாம்னு மேஜை மேல இருந்த அவளோட புத்தகத்தை எடுத்தேன். புதுச் சட்டப் புத்தகம் இந்த ஆபீஸ்ல அவகிட்டதான் இருந்துச்சு. நான் வாங்கலை. எதுக்கு வாங்கணும்? முப்பது வருஷமா ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச நம்பரை ஒரே நாள்ல மாத்துவாங்க, நான் போய் காசு குடுத்து வாங்கணுமா? எடுத்தேனா, பிரிவைக் கண்டுபிடிச்சு, அடியில ஒரு கோடு போடலாம்னு பென்சிலை வெச்சேன். அவ ஓடி வந்து, உங்க முன்னாடி, ஒரு கட்சிக்காரங்க முன்னாடி, என் கையிலேர்ந்து பென்சிலை எடுத்தா!

"சார், அதுல எழுதாதீங்க சார். ஒரு கோடு, ஒரு எழுத்து இருந்தாக் கூட பரீட்சை ஹால்ல விட மாட்டாங்க சார். சுத்தமா இருக்கணும் சார்."

முப்பது வருஷ சீனியர் கையிலேர்ந்து பென்சிலைப் பிடுங்கறதா? எனக்கு எப்படி இருந்திருக்கும்? புத்தகத்தை மூடி அவ நாற்காலிப் பக்கம் வீசினேன். மனசுலேர்ந்து, எனக்குத் தெரிஞ்ச நம்பரை, நானூத்தி முப்பத்தேழுன்னு சொல்லி டைப் அடிக்கச் சொன்னேன். அவ மெதுவா, "சார், அது இப்ப நானூத்தி எண்பது"ன்னா. "எனக்கு நீ சொல்லித் தர்றியா"ன்னு கேட்டேன். நான் சொன்ன நம்பரே போச்சு.

ஜாமீன் பெட்டிஷன் நம்பர் தப்புன்னு திரும்பி வந்துச்சு, ஒத்துக்கறேன். அன்னிக்கு வெள்ளிக்கிழமைங்கறதால பையன் திங்கக்கிழமை வரைக்கும் உள்ள இருக்க வேண்டியதாப் போச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, யாரால? அவ பென்சிலைப் பிடுங்கினா. அதனால எனக்குக் கோவம் வந்துச்சு. கோவத்துல நம்பர் மாறிடுச்சு. அப்ப மூல காரணம் யாரு? திங்கக்கிழமை அவளே புதுசா எழுதி எடுத்துட்டுப் போய் ஜாமீன் வாங்கிக் குடுத்தாள்னு நீங்க அவளைத் தலையில தூக்கி வெச்சுக்கறீங்க. தீயை வெச்சவளே அணைச்சதுக்கு மாலை போடறீங்க.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? பையன் நல்லாத்தானே இருக்கான்?

சரி. இப்பதான் முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இதைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

பரீட்சை ஞாயித்துக்கிழமை, மதுரையில. சனிக்கிழமை சாயங்காலம் சொல்லிட்டுப் போக வந்தா. அவங்க அப்பா சொல்லி அனுப்பியிருப்பாரு, "சார்கிட்ட ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போ"ன்னு. தோள்ல ஒரு துணிப்பை, அது நிறைய அந்தப் பழுப்பு அட்டைப் புத்தகம். காலைத் தொட்டுக் கும்பிட்டா. எனக்கு மனசு இளகிடுச்சு. ஆயிரம் இருந்தாலும் நம்ம ஆபீஸ் பொண்ணு. நடந்ததை எல்லாம் மறந்துடலாம்னு தோணிச்சு. "பையைக் குடு"ன்னேன்.

"எதுக்கு சார்"னா.

"குடும்மா, சாமி படத்துக்கிட்ட வெச்சுத் தர்றேன்."

தயங்கித் தயங்கித்தான் குடுத்தா. நான் உள்ள எடுத்துட்டுப் போய், படத்துக்கிட்ட வெச்சுக் கும்பிட்டேன். எங்க அப்பா எனக்கு ஒரு பழக்கம் சொல்லிக் குடுத்திருக்காரு. எந்தக் காகிதமா இருந்தாலும் தலையில பிள்ளையார் சுழி போடாம ஆரம்பிக்கக் கூடாது. மளிகைச் சீட்டா இருந்தாலும் போடுவேன். பார்த்தா, அவ்வளவு புத்தகத்துல ஒண்ணுத்துல கூட சுழி இல்ல. எப்படிம்மா விளங்கும்? பேனாவை எடுத்து ஒவ்வொண்ணுலயும் பெருசா சுழி போட்டேன். கீழ "வெற்றி உண்டாகட்டும்"னு எழுதினேன். என் பேரை முழுசா, வழக்கறிஞர் கோதண்டபாணின்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன். அவ விழுந்து விழுந்து படிச்சது பொருளடக்கத்தைத்தானே, அதனால ஆசையா அந்தப் பக்கத்துலயே போட்டேன். ஒரு புத்தகம் விடலை.

வெளியில வந்து குடுத்தேன். ஒண்ணை எடுத்துப் பிரிச்சுப் பார்த்தா. இன்னொண்ணைப் பிரிச்சா. கண்ணு ரெண்டும் குபுக்குன்னு நிறைஞ்சுடுச்சு. பாசம்தான் போலிருக்குன்னு நினைச்சு, "அழாதேம்மா, போய் நல்லா எழுது"ன்னு முதுகுல தட்டி அனுப்பினேன். எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு, பொய் சொல்லலை.

என்னம்மா, என்ன சொல்றீங்க?

ஒரு எழுத்து இருந்தாக் கூட விட மாட்டாங்கன்னு அவ சொன்னாளேன்னா? எப்பச் சொன்னா? ஓ, அன்னிக்கு. பென்சில். அது வந்து... அது கோடு போடறதுக்குச் சொன்னதும்மா. நான் போட்டது கோடா? சாமி விஷயம் அது! பிள்ளையார் சுழியை ஒருத்தன் காப்பி அடிக்கறதுன்னு சொல்லுவானா? எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன அந்தப் பரீட்சையை எழுதினவனா? முசிறியில சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் புத்தகம் எங்கயும் கிடைக்காதுன்னு எனக்குத் தெரியுமா, என்ன? கிடைக்காதுதான். திருச்சிக்குத்தான் போகணும், போறதுக்குள்ள கடையைச் சாத்திடுவாங்க. ஆனா அதை எல்லாம் நான் யோசிக்கவே இல்ல. சத்தியமா யோசிக்கலை.

இருங்க, நான் இன்னும் முடிக்கலை. அவ செஞ்ச காரியத்தை இன்னும் சொல்லலியே.

மதுரை போற பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு, ஒவ்வொரு புத்தகத்துலேர்ந்தும், நான் சுழி போட்ட தாளை, பிளேடு வெச்சு, அறுத்து எடுத்திருக்கா! தெரியுதா உங்களுக்கு? பிள்ளையார் சுழியை அறுத்திருக்கா! என் ஆசீர்வாதத்தை, என் கையெழுத்தை, என் பேரை! பொருளடக்கம் இல்லாத மொட்டைப் புத்தகமா எடுத்துட்டு உள்ள போயிருக்கா. வாசல்ல புரட்டிப் பார்த்தவங்க சுத்தமா இருக்குன்னு விட்டுட்டாங்க. பக்கத்துல உக்காந்தவங்க எல்லாம் பொருளடக்கத்தைத் தேடிக்கிட்டு இருந்தாங்களாம், இவ நேரா அந்தந்தப் பக்கத்துக்கே போயிட்டாளாம். துரைக்கண்ணு என்னமோ சொந்தப் பொண்ணு கலெக்டர் ஆன மாதிரி வந்து சொல்றான்.

திங்கக்கிழமை எப்பவும் போல வேலைக்கு வந்தா. "எப்படி எழுதினே"ன்னு கேட்டேன். "எழுதினேன் சார்"னா. அவ்வளவுதான். கட்டைப் பிரிச்சா, எழுதினா, பென்சில் குறி போட்டா, போனா. ரிசல்ட் வர்ற வரைக்கும் அப்படித்தான். ஒரு சண்டை போட்டிருந்தாக் கூட நான் மன்னிச்சிருப்பேன். வாயே திறக்காம ஒரு பொண்ணு எதிர்ல உக்காந்திருந்தா ஒரு மனுஷன் எப்படித் தொழில் பண்றது, சொல்லுங்க.

பாஸ்னு வந்ததும் ஒரு லட்டுப் பொட்டலத்தையும் ஆபீஸ் சாவியையும் கொண்டு வந்து இதே மேஜையில வெச்சா. "பார்த்தியா, நான் போட்ட சுழி"ன்னு பெருந்தன்மையாத்தான் சொன்னேன். அவ என் மூஞ்சியை நேராப் பார்த்தா. அதுவரைக்கும் அப்படிப் பார்த்ததே இல்ல. "ஆமா சார். நீங்க எழுதின தாளை எல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன். சோர்ந்து போனா எடுத்துப் பார்ப்பேன்"னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா.

அறுத்தது தப்புன்னு உள்ளுக்குள்ள உறுத்துது அவளுக்கு. அதான் வெச்சிருக்கா.

சிரிக்கிறீங்களா? எதுக்கும்மா சிரிக்கிறீங்க?

பாஸ் பண்ணலைன்னாத்தான் என்ன குடி முழுகியிருக்கும்? என் ஆபீஸ்லயே இருந்திருக்கலாம். கோட்டு இல்லாட்டி என்ன? பெட்டிஷன் எழுதறதுக்குக் கோட்டு எதுக்கு? நான் நின்னு பேசுவேன், அவ உக்காந்து எழுதுவா. காலத்துக்கும் ஓடியிருக்கும். சோறு போட்ட எடத்தை விட்டுட்டு, எதிர்த் தெருவுல, எங்கயோ கூட இல்ல, எதிர்த் தெருவுல, என் ஜன்னலைத் திறந்தா தெரியற மாதிரி போர்டு மாட்டியிருக்கா. நான் இப்ப ஜன்னலைத் திறக்கறதில்ல.

எழுந்துட்டீங்களா? நேரம் ஆச்சா? கையெழுத்து இல்லாட்டியும் பரவாயில்ல, கோர்ட்டுல சொல்லி மாத்திக்கறேங்கறீங்க. யாரு சொல்லிக் குடுத்தா அதை? அப்படி மாத்தினா ஜட்ஜ் என்னைக் கூப்பிட்டு, நடந்தது என்னன்னு எல்லாரு முன்னாலயும் கேப்பாரு. அதுக்குத்தானே? குடுங்க. குடுங்கம்மா, கோவிச்சுக்காதீங்க. நான் போட மாட்டேன்னு எப்பவாவது சொன்னேனா?

எங்க போடணும்...

இதோ இருக்கு. பென்சில்ல குறி போட்டு அனுப்பியிருக்கா.

அதே குறி.

சரி. ஆட்சேபணை... இல்லை. கோதண்டபாணி. தேதி. ஆச்சு. இருங்க, இருங்க, தலையில ஒரு சுழி போட்டுடறேன், நல்லபடியா நடக்க... அட, என்னம்மா பேப்பரை வெடுக்குன்னு இழுக்கறீங்க! பேனா மேஜை மேல கிழிச்சுடுச்சு பாருங்க. கையில இருக்கறதைப் பிடுங்கறது உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா? போங்க, நல்லாப் போங்க. எல்லாரும் போங்க.

அம்மா. ரெங்கநாயகி அம்மா. ஒரு நிமிஷம், படியிறங்காதீங்க.

இப்ப நேரா அவகிட்டத்தானே போறீங்க? அந்த வண்டிக்காரன் பொண்டாட்டி மறுபடியும் வந்து நிக்கறா பாருங்க. பிடிச்சு வெச்ச வண்டியைத் திருப்பிக் கேக்கறது, பழைய சட்டத்துல நானூத்தி அம்பத்தொண்ணு. புதுசுல அது எத்தனைன்னு மங்கைகிட்ட கேட்டு, எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்றீங்களா?

நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம். நீங்க கேக்கற மாதிரி கேளுங்க.